நாய்க்குத் தின்பண்டத்தில் ஆசை இல்லையா? பயிற்சியைக் கைவிடும் முன் இதைப் படியுங்கள்

புளோக்குக்குக் கீழே புல்தரையில் நிற்கிறீர்கள். கையில் வேகவைத்த கோழித்துண்டு. "உட்கார்" என்கிறீர்கள். வீட்டில் அதே துண்டுக்காக மூன்று தடவை உட்கார்ந்து எழும் உங்கள் நாய், இப்போது அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. கண் முழுக்க கார் நிறுத்துமிடத்தின் மேல்தான்.

"இதுக்குச் சாப்பாட்டில் ஆசையே இல்லை. வெகுமதி கொடுத்துப் பழக்குவதெல்லாம் இதுக்குச் சரிப்படாது" என்று முடிவுகட்டுவது எளிது. அடுத்த நாளே யாராவது கழுத்தை இறுக்கும் சங்கிலியைப் பற்றிச் சொல்வார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். நாய்க்குச் சாப்பாட்டில் நாட்டமே குறைவா? அல்லது அந்த இடத்தில் அதனால் சாப்பிட முடியவில்லையா? இரண்டும் ஒன்றல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே தின்பண்டத்தை நான்கு இடங்களில் கொடுத்துப் பாருங்கள். வரவேற்பறை, வாசலுக்கு வெளியே நடைபாதை, மின்தூக்கிக்கு முன்னால், கீழே புல்தரை. எந்த இடத்தில் சாப்பிடுவதை நிறுத்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வரவேற்பறையில் சாப்பிட்டு, மின்தூக்கிக்கு முன்னால் மறுத்தால் அது பெரும்பாலும் பயம் அல்லது மிதமிஞ்சிய பரபரப்பு. உடல் ஆபத்துக்குத் தயாராகும்போது செரிமானம் பின்னுக்குப் போய்விடும். நேர்முகத் தேர்வுக்கு ஐந்து நிமிடத்துக்கு முன் யாராவது உங்களிடம் பரோட்டாவை நீட்டினால் இறங்குமா?

வால் கால்களுக்கு நடுவே போவது, காதுகள் பின்னால் ஒட்டிக்கொள்வது, உதட்டை அடிக்கடி நக்குவது, தூக்கம் வராமலேயே கொட்டாவி விடுவது ஆகியவையும் அதைத்தான் சொல்கின்றன. மெதுவாகச் சாப்பிடும் நாய் திடீரென்று உங்கள் விரலோடு சேர்த்துக் கவ்வினாலும் அது பதற்றத்தின் அடையாளமாக இருக்கலாம்.

'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று நாம் செல்லமாகச் சொல்லும் கலப்பின நாய்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். 2012இல் தொடங்கிய 'அடோர்' திட்டத்தின்கீழ் இவற்றை வீவக வீடுகளில் தத்தெடுத்து வளர்க்க வழி பிறந்தது. தத்தெடுப்பவர் நாயை அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்பவேண்டும் என்பதும் நிபந்தனை. தொழிற்பேட்டை ஓரத்தில் வளர்ந்த நாய்க்கு மின்தூக்கிக் கதவு, சைக்கிள், பந்து விளையாடும் பிள்ளைகள் எல்லாமே புதிது. அது பயிற்சியில் தோற்றால் வீட்டையே இழக்க நேரிடலாம். அதனால்தான் "பிடிவாதம்" என்று அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது.

மின்தூக்கியும் கோழித்துண்டும்

இங்கேதான் பலர் ஒரு தவறு செய்கிறோம். நாய் மின்தூக்கிக்குள் வர மறுக்கிறது. கோழியைக் காட்டிக் காட்டி உள்ளே இழுக்கிறோம். கதவு மூடுகிறது, தரை ஆடுகிறது, நாய் நடுங்குகிறது. நான்கைந்து நாள் இப்படியே போனால் நாய் என்ன கற்றுக்கொள்ளும்? "கோழி வந்தால் பெட்டிக்குள் போகணும்." அதற்குப் பிறகு வீட்டில்கூட அந்தக் கோழியைச் சந்தேகமாகத்தான் பார்க்கும்.

வரிசையை மாற்றுங்கள். மின்தூக்கி தெரியும், ஆனால் நாய் சாப்பிடும் அளவுக்குத் தூரத்தில் நில்லுங்கள். கதவு திறக்கும் சத்தம் முதலில், கோழி அதற்குப் பிறகு. கதவு மூடியதும் கோழியும் நிற்கட்டும். அது நிம்மதியாகச் சாப்பிட்டால் அடுத்த முறை இரண்டு அடி முன்னால் போகலாம். மறுத்தால் பின்வாங்குங்கள். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போதும். பக்கத்து வீட்டுக்காரர் வேடிக்கை பார்ப்பார், பரவாயில்லை.

எல்லா இடத்திலும் மறுத்தால்?

முதலில் உடல்நிலை. பல்வலி, வயிற்றுக் கோளாறு, உண்ணிக் காய்ச்சல் எல்லாமே பசியைக் குறைக்கும். வழக்கமாகச் சாப்பிடும் நாய் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால், அல்லது கூடவே வாந்தியும் சோர்வும் இருந்தால், விலங்குநல மருத்துவரிடம் காட்டுங்கள். அது பயிற்சியாளர் தீர்க்கும் விஷயம் அல்ல.

அடுத்தது வெயில். பிற்பகலில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்கும் நாய் எதையும் தின்னாது. காலையிலோ இருட்டிய பிறகோ பழக்குங்கள்.

கிண்ணத்தில் நாள் முழுக்க உணவு இருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் கையில் இருப்பதற்கு என்ன மதிப்பு? குறித்த நேரத்தில் வையுங்கள், கால் மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைக்கு முன் பயிற்சி செய்யுங்கள். ஆனால் "ரெண்டு நாள் பட்டினி போட்டால் தானா வரும்" என்ற யோசனை வேண்டாம். பயந்த நாய் பட்டினி கிடந்தால் அது பசித்த, பயந்த நாய், அவ்வளவுதான்.

தின்பண்டத்தையும் மாற்றிப் பார்க்கலாம். கடையில் வாங்கும் காய்ந்த பிஸ்கட்டைவிட உப்புப் போடாமல் வேகவைத்த கோழியோ மீனோ வாசனையாக இருக்கும். பட்டாணி அளவுத் துண்டு போதும், ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவேண்டாம். திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, சைலிட்டால் கலந்த இனிப்பு ஆகியவை நாய்க்கு நஞ்சு.

லாப்ரடோருடன் ஒப்பிடாதீர்கள்

பயிற்சி வகுப்பில் எதைக் கொடுத்தாலும் விழுங்கும் லாப்ரடோர் ஒன்று கட்டாயம் இருக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தனர். லாப்ரடோர்களில் ஏறக்குறைய கால்வாசிக்குப் பசியோடு தொடர்புடைய மரபணு ஒன்றில் ஒரு பகுதி இல்லை. அவை சாப்பாட்டை விடாமல் தேடும். ஆய்வில் பார்க்கப்பட்ட உதவி நாய்களாக வளர்க்கப்படும் லாப்ரடோர்களில் நான்கில் மூன்றுக்கு அது இருந்தது. உங்கள் நாய் அப்படிப் பிறக்கவில்லை, அதில் குறை ஒன்றும் இல்லை.

அப்படியானால் வேறு எது வெகுமதி? அதே 2016இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 15 நாய்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 13 நாய்கள் உரிமையாளரின் பாராட்டுக்கு உணவுக்கு நிகராகவோ அதைவிட அதிகமாகவோ எதிர்வினை காட்டின. உடனே "குட் பாய்" மட்டும் போதும் என்று நினைக்கவேண்டாம். எரிக்கா ஃபியூவர்பாக்கர், கிளைவ் வின் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், நாய்கள் வெறும் வாய்ப்பாராட்டைவிடத் தடவிக்கொடுப்பதையே நாடின. சில நாய்களுக்குத் தலையில் கை வைப்பதே பிடிக்காது. தடவுவதை நிறுத்திப் பாருங்கள். மறுபடி உங்கள் பக்கம் சாய்ந்தால் அதற்குப் பிடித்திருக்கிறது.

என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம்விடப் பயனுள்ளது உளவியலாளர் டேவிட் பிரிமேக் 1959இல் சொன்னதுதான். ஒருவர் தானாக விரும்பிச் செய்யும் செயல், அவ்வளவாக விரும்பாத செயலுக்கு வெகுமதி ஆகும். "சாப்பிட்டு முடி, அப்புறம் விளையாடப் போ" என்று அம்மா சொல்வாரே, அதேதான்.

உங்கள் நாய் கோழியைவிட அந்த விளக்குக் கம்பத்தடியை மோந்து பார்க்க ஆசைப்படுகிறதா? நல்லது, அதையே கொடுங்கள். கயிறு தளர்ந்து, நாய் ஒரு நொடி உங்களைத் திரும்பிப் பார்த்ததும் "போ" என்று சொல்லிக் கம்பத்துக்குக் கூட்டிப்போங்கள். வாசலில் உட்கார்ந்தால் கதவு திறக்கும். கூப்பிட்டதும் வந்தால் பழைய துணியை இழுத்து விளையாடலாம், பத்து விநாடி போதும். நாய் சரியாகச் செய்த அந்த நொடியே வெகுமதி வரவேண்டும். பையைத் துழாவிக்கொண்டிருந்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது.

அந்த நான்கு இடச் சோதனையை வாரம் ஒரு முறை திரும்பச் செய்யுங்கள். மின்தூக்கிக்கு முன்னால் மறுத்த நாய் ஒரு நாள் துண்டை வாங்கி, மென்று, இன்னொன்று கேட்டுப் பார்க்கும். "உட்கார்" என்று அங்கே சொல்லிப் பார்க்க அதுதான் நேரம்.