இடைப்பட்ட நான்கு ஆண்டுகள்

புதுச்சேரி–விழுப்புரம் சாலையிலுள்ள திருவாண்டார்கோயிலைச் சுற்றி வயல்களும் ஆலைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆயினும் பள்ளியை விட்ட சிறுவனுக்குக் கிட்டுவது அன்றாடக் கூலியே.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதுவரை துணை நிற்கிறது. புதுச்சேரியில் இந்தியன் வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையமோ, 18 வயது நிறைந்தோரையே சேர்த்துக்கொள்கிறது. அங்கே பயிற்சியும் உணவும் இலவசம். தொழில் தொடங்கிய பின்னரும் ஈராண்டு வழிகாட்டுவர். ஆனால் பிள்ளைகள் வழி தவறுவது இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அன்றோ?

அக்காலத்திற்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஏற்றது என்பது நம் கருத்து. 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்குப் பதிந்து, ஐந்தாண்டுக்குள் ஒவ்வொரு பாடமாகத் தேறலாம். கட்டணம் உண்டு, அதனை ஊரார் ஏற்கலாம். இடைநின்றோர் பெயர்களைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிவது பஞ்சாயத்தாரின் முதல் வேலை. அறுவடைக்கென மகனைப் பள்ளியினின்று நிறுத்தும் உழவரையும் அப்போதே கண்டு பேசுக.