வீட்டு பீர்: சுவையைக் கெடுப்பது கிட்டா, வெப்பமா?

‘வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார்கள்’ என்று தமிழில் சொல்லும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ‘காய்ச்சுவது’ என்பது நமக்குச் சாராயத்தோடு ஒட்டிக்கொண்ட சொல். அடுப்பு, பானை, ஆவி, ஒளிவுமறைவு எல்லாம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வந்துவிடும். கூடவே செய்திகளும் நினைவுக்கு வரும். 2018ல் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவை அருந்திப் பலர் உயிரிழந்தனர். 2024 ஜூன் மாதம் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இந்தச் செய்திகளைப் படித்த ஒரு தாய், மகன் ஸ்டோர் ரூமில் பெரிய பிளாஸ்டிக் வாளியை வைத்து மூடும்போது பதறினால் அதில் வியப்பில்லை.

ஆனால் இரண்டும் வேறு வேறு. சாராயம் என்பது நொதித்த திரவத்தைச் சூடாக்கி, ஆவியைப் பிடித்துக் குளிரவைத்து எடுப்பது. பீர் அப்படி வடிக்கப்படுவதில்லை. முளைகட்டிய பார்லியின் இனிப்பை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது, அவ்வளவுதான். இட்லி மாவு இரவில் பொங்குவதும் பனங்கள் நுரைப்பதும் இதற்கு நெருங்கிய உறவு. மேலே சொன்ன துயரங்களில் மக்களைக் கொன்றது தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். தானியத்தை நொதிக்கவைக்கும்போது அது ஆபத்தான அளவில் உருவாவதில்லை. வீட்டு பீரில் கவனிக்க வேண்டிய ஆபத்து வேறொன்று. அது கண்ணாடிப் போத்தல். அதற்குப் பின்னால் வருவோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டிலிருந்து, சொந்தப் பயன்பாட்டிற்காக உரிமம் இல்லாமலேயே வீட்டில் பீர் தயாரிக்க அனுமதி உண்டு. தயாரிப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு குடும்பம் மாதத்திற்கு 30 லிட்டருக்கு மேல் தயாரிக்கக்கூடாது. விற்கக்கூடாது. சாராயம் வடிப்பதற்கு இந்தச் சலுகை கிடையாது. கடைகளில் கிடைக்கும் வழக்கமான கிட் ஒன்று 23 லிட்டர் பீர் தரும். ஆக, மாதம் ஒரு கிட் என்றால் கணக்கு சரி. ஆர்வ மிகுதியில் இரண்டாவது டின்னைத் திறந்தால் வரம்பு தாண்டிவிடும். இது சிங்கப்பூருக்கு மட்டுமே பொருந்தும் விதி என்பதை ஜோகூரில் இருக்கும் உறவினர்களுக்கும் சொல்லிவிடுவது நல்லது.

டின்னுக்குள் என்ன இருக்கிறது?

தேன்போல் கெட்டியான மால்ட் பாகு, பெரும்பாலும் 1.7 கிலோ. திறந்தவுடன் வரும் மணம் ஹார்லிக்ஸ், மைலோ குடித்து வளர்ந்தவர்களுக்குப் பழகிய மணம்தான், ஏனென்றால் அவற்றிலும் முளைகட்டிய பார்லி உண்டு. பீருக்குக் கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூவின் சாறும் பாகிலேயே சேர்க்கப்பட்டிருக்கும். மூடிக்கு அடியில் சிறு பொட்டலத்தில் உலர் ஈஸ்ட். பாகையும் ஒரு கிலோ சீனியையும் இரண்டு லிட்டர் கொதிநீரில் கரைத்து, குளிர்நீர் ஊற்றி 23 லிட்டராக்கி, ஈஸ்டைத் தூவி மூடிவைக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

இவ்வளவு எளிதான ஒன்றை முதல் தடவை செய்து குடித்துப் பார்த்தவர்களில் பலர் மறுமுறை செய்வதில்லை. புளித்த ஆப்பிள் சாற்றின் வாடை, மருந்துக் கசப்பு, மறுநாள் தலைவலி. “கிட் என்றால் இப்படித்தான்” என்று டின்மீது பழியைப் போட்டுவிட்டு வாளியைத் துணி ஊறவைக்கக் கொடுத்துவிடுகிறார்கள்.

உண்மையில் டின்மீது பெரிய குற்றம் இல்லை. இந்த கிட்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் தயாராகின்றன. பிரிட்டன் 1963லும் ஆஸ்திரேலியா 1973லும் வீட்டு பீருக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தின. அந்த நாட்டு வீடுகளில் ஆண்டின் பல மாதங்கள் அறையின் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். செய்முறைத் தாளும் அந்த வீடுகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. ‘நிழலான இடத்தில் வைக்கவும்’ என்ற ஒரு வரி அங்கே போதும். இங்கே அடுக்குமாடி வீட்டின் நிழலான மூலையிலும் 29, 30 டிகிரி. வாளிக்குள் ஈஸ்ட் வேலை செய்யத் தொடங்கினால் அதுவே இன்னும் சில டிகிரி சூட்டைக் கிளப்பும்.

வெப்பத்தை எப்படி இறக்குவது?

பீர் ஈஸ்ட் வகைகளில் பல 18 முதல் 22 டிகிரிக்குள்தான் ஒழுங்காக நடந்துகொள்ளும். 30ஐத் தாண்டினால் அவசரமாகத் தின்று, வேண்டாத வாசனைகளையும் தலையைக் கனக்கவைக்கும் கனமான ஆல்கஹால்களையும் விட்டுவைக்கும். அதனால் பீரில் போடும் பணத்தை முதலில் சுவைப் பொருள்களில் போடாமல் குளிர்ச்சியில் போடுவதே புத்திசாலித்தனம்.

குளிர்ச்சி முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். நம் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பானது. கொதிநீரில் கரைத்த பாகோடு அதைச் சேர்த்தால் கலவை 33, 34 டிகிரியில் நிற்கும். அந்தச் சூட்டில் ஈஸ்டைப் போடுவது தொடக்கத்திலேயே தோற்பது. தேவையான தண்ணீரில் பாதியை முதல் நாளே மூடிய பாத்திரங்களில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் கலவை 23 டிகிரி அளவில் வந்து நிற்கும்.

பிறகு வாளியைப் பெரிய அண்டா அல்லது குளியல் தொட்டியில் வைத்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, பனிக்கட்டியாக உறைந்த ஒன்றரை லிட்டர் போத்தல்கள் இரண்டை அதில் மிதக்கவிட வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மாற்ற வேண்டும். மண்பானைபோல் ஈரத்துணி சுற்றி மின்விசிறியைப் போடுவது வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும். நம் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் துணியை மட்டும் நம்பினால் ஓரிரு டிகிரிதான் இறங்கும். முதல் மூன்று, நான்கு நாள்கள்தான் மிக முக்கியம். சுவை பெரும்பாலும் அப்போதே முடிவாகிவிடுகிறது. அதன்பிறகு கொஞ்சம் சூடேறினால் பெரிய கேடில்லை.

இத்தனை பாடு வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. நார்வே நாட்டின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்டுவந்த ‘க்வைக்’ என்ற ஈஸ்ட் இப்போது உலர் பொட்டலமாகவே விற்பனைக்கு வருகிறது. அது 30 டிகிரிக்கு மேலும் கெட்ட வாடை கொடுக்காமல் வேலை செய்யும். குளிர் நாட்டில் பிறந்த ஈஸ்ட் நம் வெயிலுக்குப் பொருந்துவது வேடிக்கைதான். டின்னோடு வரும் ஈஸ்டை ஓரமாக வைத்துவிட்டு இதைப் போட்டாலே பலருக்குப் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தண்ணீர், சுத்தம், சீனி

மருந்துக் கசப்புக்குக் காரணம் பல நேரங்களில் தண்ணீர். சிங்கப்பூரின் குழாய் நீரில் கிருமிகளைக் கொல்ல குளோரமின் சேர்க்கப்படுகிறது. குடிப்பதற்கு அது பாதுகாப்பானதே. ஆனால் நொதிக்கும்போது மால்ட்டில் உள்ள சில பொருள்களோடு அது சேர்ந்தால் மருத்துவமனை வாடை அடிக்கும். சாதாரண குளோரினைப்போல் இதைக் கொதிக்கவைத்துச் சுலபமாக விரட்ட முடியாது. கேம்ப்டன் மாத்திரையில் பாதியைப் பொடித்து 23 லிட்டர் நீரில் கலந்தால் சில நிமிடங்களில் போய்விடும். கரி வடிகட்டி வைத்திருப்பவர்கள் அதையும் பயன்படுத்தலாம்.

சுத்தத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள் என்பதால் ஒன்றை மட்டும் சொல்லலாம். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. சவர்க்காரம் போட்டுக் கழுவிய வாளியில் அழுக்கு இருக்காது, கிருமி இருக்கும். பீர் கருவிகளுக்கென்றே விற்கும் கிருமிநாசினிக் கரைசலில் வாளி, கரண்டி, குழாய், மூடி அனைத்தையும் நனைத்தெடுக்க வேண்டும். சமையல் கரண்டியை அப்படியே விட்டுக் கலக்கினால் சாம்பார் வாசனையும் இலவசம்.

அடுத்தது சீனி. டின்னோடு ஒரு கிலோ வெள்ளைச் சீனி சேர்த்தால் ஆல்கஹால் ஏறும், உடல் ஏறாது. பீர் தண்ணீராய்ப் போகும். அதற்குப் பதில் ஒரு கிலோ உலர் மால்ட் தூள், அல்லது பாதி மால்ட் தூளும் பாதி டெக்ஸ்ட்ரோஸும் சேர்த்தால் நாக்கில் நிற்கும் பீர் கிடைக்கும். எல்லாப் பழியும் சீனிக்கே என்று சொல்வதும் சரியல்ல. பெல்ஜியத்தின் புகழ்பெற்ற பீர்கள் பலவற்றில் சீனி உண்டு. அளவு மீறும்போதுதான் தொல்லை. டின் வாங்கும்போது காலாவதி நாளைப் பார்ப்பதும் முக்கியம். பழைய பாகு கறுத்து, ஈயக்காசை நக்கியதுபோல் ஒரு சுவை தரும்.

சமையலறையிலிருந்து சில

அடிப்படை சரியான பிறகுதான் சேர்மானங்களுக்கு அர்த்தம். முதலில் முயலத் தகுந்தது ஹாப்ஸ். டின்னில் கசப்பு இருக்கும், ஆனால் கெட்டியாக்கும்போதே மணம் பெரும்பாலும் ஆவியாகிப் போயிருக்கும். நொதித்தல் அடங்கும் ஐந்தாம், ஆறாம் நாளில் 25 கிராம் ஹாப்ஸ் உருண்டைகளைச் சுத்தமான துணிப்பையில் கட்டி வாளிக்குள் போட்டு, மூன்று நாள் கழித்து எடுத்தால் போதும். கொதிக்கவைத்தால் கசப்பு வரும், குளிரில் ஊறவைத்தால் மணம் வரும்.

நிறமும் ஆழமும் வேண்டுமானால் 250 கிராம் கிரிஸ்டல் மால்ட் தானியத்தை உடைத்து, 70 டிகிரிக்கு மிகாத நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, அந்த நீரைக் கொதிக்கவைத்துச் சேர்க்கலாம். தேநீர் போடத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கறுப்பு ஸ்டவுட் டின்னுக்கு 300 கிராம் குலா மெலாக்கா அழகாகப் பொருந்தும். இனிப்பை ஈஸ்ட் தின்றுவிடும், வாசனை லேசாகத் தங்கும்.

தமிழ்ச் சமையலறைக்கு மிக நெருக்கமானது பெல்ஜியக் கோதுமை பீர். அதில் காலங்காலமாகச் சேர்க்கப்படுவது கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும். 15 கிராம் மல்லியை ரசத்திற்கு இடிப்பதுபோல் ஒன்றிரண்டாக இடித்து, இரண்டு ஆரஞ்சின் மேல்தோலோடு ஒரு லிட்டர் நீரில் பத்து நிமிடம் மெதுவாகக் கொதிக்கவைத்து வடிகட்டி, கோதுமை பீர் டின்னில் சேர்க்க வேண்டும். தோலின் வெள்ளைப் பகுதி சேரக்கூடாது, கசக்கும். மல்லியை வறுக்கவே கூடாது. வறுத்தால் கிடைப்பது பீர் அல்ல, குழம்பு.

போத்தலில் அடைக்கும் முன்

இனி அந்தக் கண்ணாடிப் போத்தல். வாளியில் குமிழி நின்றுவிட்டது என்பதற்காக நொதித்தல் முடிந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழி நிற்கும். இனிப்பு மிச்சமிருக்கும்போது அடைத்தால் போத்தலுக்குள் வாயு பெருகி, நள்ளிரவில் வெடிக்கும். சில்லு கண்ணில் படலாம். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் இது விளையாட்டல்ல.

இதைத் தடுக்க ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவி வேண்டும். தொடக்கத்தில் 1.042 காட்டியது, முடிவில் 1.010க்கு இறங்கி, இரண்டு நாள் தொடர்ந்து அதே எண்ணில் நின்றால்தான் அடைக்கலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் அளவும் தெரிந்துவிடும். இங்கே 4.2 விழுக்காடு. நுரைக்காக லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் சீனி, எடைபோட்டு. குத்துமதிப்புக் கரண்டி வேண்டாம். முதல் சில தடவைக்கு அழுத்தம் தாங்கும் பிளாஸ்டிக் போத்தலே மேல். விரலால் அமுக்கிப் பார்த்தாலே எவ்வளவு வாயு ஏறியிருக்கிறது என்று தெரியும். கல்லாக இறுகிவிட்டால் உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

அடைத்தபின் இரண்டு வாரம் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் நம் வெயில் உதவியே செய்கிறது, நுரை சீக்கிரம் ஏறும். பிறகு ஒரு வாரம் குளிரில். அடியில் படியும் வெண்மை ஈஸ்ட்தான், கெடுதல் இல்லை. கண்ணாடிக் குவளையில் மெதுவாகச் சாய்த்து, கடைசி விரற்கடை அளவைப் போத்தலிலேயே விட்டுவிட வேண்டும்.