மாசி வீதியில உருளுமா? மதுரைக் குடும்பத்துக்கு ஏத்த ஸ்ட்ரோலர் எது?

குழந்தை பிறந்த வீட்டுக்கு முன்பெல்லாம் வெள்ளி அரைஞாண், கிலுகிலுப்பை, ஜான்சன் பேபி செட் வரும். இப்போது ஸ்ட்ரோலரும் வந்து இறங்குகிறது. வெளிநாட்டுச் சித்தப்பா ஆன்லைனில் ஆர்டர் போடுகிறார், ஆபீஸ் நண்பர்கள் பணம் சேர்த்து வாங்கித் தருகிறார்கள், இல்லையென்றால் ரீல்ஸ் பார்த்து நாமே வாங்கிவிடுகிறோம். முதல் வாரம் ஹாலுக்குள் நாலு ரவுண்டு. அப்புறம் ஒருநாள் தெருவுக்கு எடுத்துட்டுப் போனா, வாசல்ல நாலு படி, படி தாண்டினா சாக்கடை, அதையும் தாண்டினா நிறுத்திவெச்ச பைக் வரிசை. மூணாவது மாசம் அந்த வண்டியில் மடிக்காத துணி உட்கார்ந்திருக்கும்.

வண்டி நல்ல வண்டிதான். ஆனால் விளம்பரத்தில் அது உருண்ட ரோடு வேற, நம்ம வீட்டு வாசல் வேற. அதனால் 'எந்த பிராண்டு நல்லது?' என்று கேட்பதற்கு முன்னால், 'இதை எங்கே உருட்டப் போறோம், எதுல ஏத்திட்டுப் போகப் போறோம், யார் தூக்கப் போறாங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பாதி மாடல்கள் தானாகவே லிஸ்ட்டிலிருந்து கழன்றுவிடும்.

முதலில் பேரைத் தெளிவாக்கிக்குவோம்

மதுரையில் 'தள்ளுவண்டி' என்றால் பருத்திப்பால்தான் ஞாபகத்துக்கு வரும். கடைக்காரர்களோ பிராம், பக்கி, ஸ்ட்ரோலர் என்று எல்லாவற்றையும் ஒன்றாகவே சொல்வார்கள். பிராம் என்பது குழந்தை படுத்தபடியே போகும் தொட்டில் வண்டி. பெரிது, கனமானது, பிறந்த குழந்தைக்கு ஏற்றது. ஸ்ட்ரோலர் என்பது உட்காரும் சீட் உள்ள வண்டி. இன்று கடைகளில் கிடைப்பவற்றில் நிறைய மாடல்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. சீட்டைச் சாய்த்தால் படுக்கை, நிமிர்த்தினால் நாற்காலி.

இந்த வண்டிக்கு ஒரு குட்டிக் கதை உண்டு. 1733 வாக்கில் இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்பவர் ஒரு வண்டி செய்தார். அதை இழுத்தது ஆடு அல்லது குட்டிக் குதிரை. அப்பா அம்மா தள்ளும் வண்டியெல்லாம் பிறகு வந்ததுதான். இன்று நாம் சட்டென மடித்துக் கையில் மாட்டிக்கொள்கிறோமே, அந்தக் 'குடை' மாடலை 1965-ல் வடிவமைத்தவர் ஓவன் மக்லாரன். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை பார்த்த இன்ஜினீயர். விமானச் சக்கரம் மடங்கி உள்ளே போகிற அதே யோசனை, அலுமினியக் குழாயில் வண்டியாக மாறியது. எடை மூன்று கிலோவுக்கும் குறைவு!

எடைதான் முதல் எதிரி

மதுரையில் லிஃப்ட் இல்லாத மூன்று மாடி அபார்ட்மென்ட்கள் எக்கச்சக்கம். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் வீட்டுக்குள் நுழையவே செங்குத்தாகப் படி ஏற வேண்டும். எட்டு மாதக் குழந்தை எட்டு கிலோ இருக்கும். ஸ்டாண்டர்டு ஸ்ட்ரோலர் ஏழு முதல் பத்து கிலோ. காய்கறிப் பை, டயப்பர் பை தனி. கணவர் வேலைக்குப் போன நேரத்தில், சிசேரியன் தையல் ஆறியும் ஆறாமலும் இருக்கும் ஒரு பெண் இத்தனையையும் ஒரே ஆளாக மாடி ஏற்ற வேண்டும். ஆன்லைனில் 'பிரீமியம் கம்ஃபர்ட்' என்று போட்டிருப்பதற்குப் பக்கத்தில் வண்டியின் எடையும் சின்ன எழுத்தில் இருக்கும். அதை முதலில் படியுங்கள்.

மாடி வீடு, லிஃப்ட் இல்லை என்றால் ஆறு கிலோவுக்கு மேல் போகவே வேண்டாம் என்பது என் கட்சி. கேபின் ஸ்ட்ரோலர் என்று விற்கப்படும் குட்டியாக மடியும் வகை இந்த எடையில் கிடைக்கிறது. ஒரு கையால் மடக்க முடிகிறதா என்று கடையிலேயே செய்து பாருங்கள், இன்னொரு கையில் குழந்தை இருக்கும் என்ற நினைப்போடு. கீழே தனி வீடு, போர்ட்டிகோ உண்டு என்றால் இந்தக் கவலை இல்லை. கொஞ்சம் கனமான, உறுதியான வண்டியே வாங்கலாம்.

அடுத்தது வாகனம். கார் இருந்தால் டிக்கியை அளந்துகொண்டு போங்கள். ஆட்டோதான் என்றால் காலடியில் நிற்கும் அளவுக்கு மடிய வேண்டும். டூ வீலர் குடும்பமா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் ஸ்ட்ரோலரை நிறுத்தி, பின்னால் மனைவி, மடியில் குழந்தை என்று போவது பார்க்கவே பதறுகிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை டூ வீலரில் ஏற்றினால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும், குழந்தைக்கு ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஸ்ட்ரோலர் வேண்டிய அன்றைக்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள்.

இன்னொன்று, காருக்குள் ஸ்ட்ரோலர் சீட்டை வைத்துக் குழந்தையை உட்கார வைப்பது பாதுகாப்பே இல்லை. கார் சீட் என்பது அதற்கென்றே தயாராகும் தனிப் பொருள். இரண்டையும் ஒரே ஃபிரேமில் மாட்டும் 'டிராவல் சிஸ்டம்' வகை இருக்கிறது. ஆனால் விலையும் எடையும் எகிறும். அடிக்கடி காரில் போகாத குடும்பத்துக்கு அது வீண் செலவு.

கல், மணல், கருவேல முள்

சக்கரம்தான் விஷயமே. ஐந்து அங்குல பிளாஸ்டிக் சக்கரம் ஷாப்பிங் மால் டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போகும். அதே சக்கரம் பேவர் பிளாக் இடுக்கில் மாட்டினால், நாம் தள்ளும் வேகத்தில் வண்டி முன்னால் கவிழப் பார்க்கும். நம் ஊருக்குக் கொஞ்சம் பெரிய சக்கரம், அதிலும் சஸ்பென்ஷன் உள்ளது நல்லது. முன்சக்கரம் சுழல்வதோடு, தேவைப்பட்டால் நேராகப் பூட்டிக்கொள்ளவும் முடிய வேண்டும். கரடுமுரடான இடத்தில் பூட்டிவிட்டால் வண்டி இழுத்த இழுப்புக்குப் போகாது.

மூன்று சக்கர ஜாகர் வகை பார்க்க கம்பீரமாக இருக்கும். (மூன்று கால் வைத்த சிறுதேரைப் பிள்ளைகள் உருட்டியதைப் பட்டினப்பாலையே சொல்கிறது. அதில் பிள்ளைகள் உட்காரவில்லை, இழுத்தார்கள்.) இந்த வகையில் பெரும்பாலும் காற்று அடிக்கும் டயர். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் வீடு என்றால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்மாய்க் கரையெல்லாம் சீமைக் கருவேலம். சைக்கிள் டியூபையே விட்டுவைக்காத முள், ஸ்ட்ரோலர் டயரை விட்டுவைக்குமா? காற்று டயருக்குப் பதில் ஃபோம் நிரப்பிய, அல்லது ஈ.வி.ஏ. எனப்படும் கெட்டி ஸ்பாஞ்ச் போன்ற சக்கரம் வாங்குங்கள். பஞ்சர் கிடையாது.

ஊருக்குள் எங்கே உருட்டலாம்? சித்திரை வீதிகளில் வாகனங்களுக்குத் தடை என்பதால் மாலை நேரத்தில் நிம்மதியாகத் தள்ளலாம். பகலில் அந்தக் கல் தரை அனல் கக்கும். கோயிலுக்குள் நிலைப்படியும் கூட்டமும்தான். அங்கே இடுப்பே சிறந்த வாகனம். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை, தல்லாகுளம் எக்கோ பார்க், 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இவையெல்லாம் ஸ்ட்ரோலருக்குத் தோதான இடங்கள். விளக்குத்தூண் பக்கம் தீபாவளி ஜவுளி எடுக்கப் போகும்போது தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சித்திரைத் திருவிழாவுக்குச் சொல்லவே வேண்டாம். அழகரைப் பார்க்கத் தோள்தான் வசதி!

நெரிசலான ரோட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஸ்ட்ரோலரில் குழந்தையின் மூக்கு கிட்டத்தட்ட பைக் சைலன்சர் உயரத்தில் இருக்கும். வண்டியில் போகும் குழந்தைகள், பெரியவர்களைவிட 60 சதவிகிதம் வரை அதிக மாசைச் சுவாசிக்கக்கூடும் என்று இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் சொன்னார்கள். சீட் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. சிக்னலில் நிற்கும்போது வண்டியை ரோட்டோரம் முன்னால் நீட்டாமல், திருப்பிப் பின்னால் நிறுத்துங்கள்.

துணி போட்டு மூடாதீங்க!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். வெயில் படக் கூடாதென்று ஸ்ட்ரோலர் மேல் துப்பட்டாவையோ, பருத்தித் துண்டையோ போர்த்திவிடும் பழக்கம் நமக்கு உண்டு. பாசத்தில் செய்வதுதான். ஆனால் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும். ஸ்வீடனில் ஒரு நாளிதழ் 2014-ல் சோதித்துப் பார்த்தது. 22 டிகிரியில் இருந்த பிராமை மெல்லிய துணியால் மூடி வெயிலில் வைத்தார்கள். அரை மணி நேரத்தில் 34 டிகிரி, ஒரு மணி நேரத்தில் 37. அது ஸ்வீடன் வெயில். மதுரை மே மாதத்தில் தொடக்கமே 40-ஐத் தொட்டு நிற்கிறது. கைக்குழந்தைக்கு வியர்த்துத் தணியும் திறன் குறைவு, 'புழுங்குது' என்று சொல்லவும் தெரியாது. தூங்கிவிட்டது என்று நாம் நினைப்போம், அது சூட்டில் துவண்டிருக்கும்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் 2023-ல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு வழியும் சொன்னது. காய்ந்த துணியால் மூடினால் உள்ளே சூடு கூடியது. நனைத்த மெல்லிய துணியோடு சின்ன ஃபேனும் வைத்தபோது கிட்டத்தட்ட ஐந்து டிகிரி குறைந்தது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்குதான். காற்று வறண்டிருக்கும் நம் ஊரில் இது நன்றாகவே வேலை செய்யும். கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு பலிக்காது. துணி காயக் காய நனைக்க வேண்டும், காற்றுப் போக வழி விட வேண்டும். அப்படியும் பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை குழந்தையோடு வெளியே போகாமல் இருப்பதே உத்தமம்.

ஆகவே வாங்கும்போதே நன்றாக இழுத்து மூடும் கேனபி, அதில் வலை ஜன்னல், முதுகுப் பக்கம் காற்றோட்டம் மூன்றையும் பாருங்கள். கறுப்பு சீட் அழுக்குத் தெரியாது என்று வாங்குவோம், வெயிலில் அது தோசைக்கல். வெளிர் நிறம் எடுங்கள். உட்கார வைக்கும் முன் பக்கிளைத் தொட்டுப் பாருங்கள்.

எந்த வயதில் வாங்கலாம்?

'பொறக்கறதுக்கு முன்னாடி எதுவும் வாங்கக் கூடாது' என்று பாட்டி சொல்வதை ஸ்ட்ரோலர் விஷயத்தில் தாராளமாகக் கேட்கலாம். முதல் பிரசவம் என்றால் எப்படியும் மூன்று மாதம் அம்மா வீடு. குழந்தையை வெளியே எடுத்துப்போவதும் குறைவு. கழுத்து நிற்காத குழந்தையை உட்காரும் சீட்டில் வைத்தால் தலை முன்னால் சாய்ந்து மூச்சுக்குழல் மடங்கும் அபாயம் உண்டு. ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவதென்றால் முழுக்கப் படுக்கையாகச் சாயும் மாடல் மட்டும்தான். வீட்டுக்கு வந்தபிறகும் அதிலேயே தூங்க விடாமல், சமமான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

எனவே நான்கைந்து மாதம் பொறுத்து, குழந்தை எப்படி இருக்கிறது, நாம் எங்கெல்லாம் போகிறோம் என்று பார்த்துவிட்டு வாங்குவது லாபம். சில குழந்தைகளுக்கு வண்டியே ஆகாது. உட்கார வைத்த நொடியில் வில்லாக வளையும். அக்கா வீட்டு வண்டியை ஒரு வாரம் இரவல் வாங்கிச் சோதித்துவிடுங்கள்.

கடையில் பத்து நிமிடம்

விலை சுமார் மூவாயிரத்தில் தொடங்கி முப்பதாயிரத்தையும் தாண்டுகிறது. கப் ஹோல்டர், மியூசிக் எல்லாம் விலையை ஏற்றும் சமாச்சாரங்கள். பணத்தைப் பெல்ட்டிலும் பிரேக்கிலும் போடுங்கள். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட் கட்டாயம். இடுப்பில் மட்டும் பெல்ட் இருந்தால், ஒரு வயதுப் பிள்ளை எழுந்து நின்றுவிடும். பிரேக்கைப் போட்டுவிட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். அசையவே கூடாது. ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான 'இ.என். 1888' பெட்டியில் இருந்தால் கூடுதல் நம்பிக்கை.

மடக்கும் மூட்டுகளை உற்றுப் பாருங்கள். குடை ஸ்ட்ரோலரைக் கண்டுபிடித்த அதே மக்லாரன் நிறுவனமே, மூட்டில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டான புகார்களால், 2009-ல் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்கு மூட்டை மூடும் உறை கொடுக்க வேண்டி வந்தது. வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை எட்டி நிற்கட்டும். செகண்ட் ஹேண்டில் வாங்குவது தப்பே இல்லை, ஆனால் மூட்டு ஆடினாலோ, விரித்தபின் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளவில்லை என்றாலோ இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கடைக்குக் குழந்தையையும், வீட்டில் அதிகம் தள்ளப் போகிறவரையும் கூட்டிப் போங்கள். பல வீடுகளில் அது தாத்தாவாகத்தான் இருக்கும். கைப்பிடி அவர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும், குனிந்து தள்ளினால் முதுகு போய்விடும். பெல்ட்டைக் கழற்றவும், பிரேக்கை மிதிக்கவும் அவருக்கும் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் கைப்பிடியில் ஒரு கனமான பையைத் தொங்கவிட்டு, குழந்தை இல்லாத வண்டி என்ன ஆகிறது என்று அவருக்கே காட்டுங்கள். சட்டென்று மல்லாந்துவிடும். காய்கறிப் பையை அங்கே மாட்டாமல் கீழ்க்கூடையில் வைக்கத் தாத்தாவுக்கு வேறு பாடம் தேவைப்படாது.