சோலைக்கிளியும் பெயர்ப் பட்டியலும்

கொல்கத்தாவில் அலிப்பூரை அடுத்த நியூ அலிப்பூரில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தலைமையகம் அமைந்துள்ளது. 1916ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தோற்றுவிக்கப்பட்ட இந்நிறுவனம், நாட்டின் விலங்கினங்களைக் கண்டறிந்து பட்டியலிடும் பணியை ஆற்றி வருகிறது. 2024 ஜூனில் வெளியான அதன் பட்டியலில் 1,04,561 இனங்கள் இடம்பெற்றன. பெயர்ப் பட்டியலால் வளர்ச்சிப் பணிக்கு என்ன பயன் என்று வினவுவோர் உண்டு. தென்னாட்டு மலைகளில் வாழும் சோலைக்கிளியின் வரலாறு அவர்களுக்குத் தக்க விடையாகும்.

பெயரில் கிளி இருப்பினும் இது கிளியன்று. மலையாளத்தில் சிறு பறவைகளைப் பொதுவாகக் 'கிளி' என்பர். ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுள்ள இக்கருநீலப் பறவை, உயர்மலைச் சோலைக் காடுகளின் இருண்ட அடித்தளத்தில் பூச்சிகளை உண்டு வாழ்கிறது. புல்வெளிகளுக்கிடையே பள்ளத்தாக்குகளில் ஒதுங்கி நிற்கும் சோலைகள், சமவெளியால் சூழப்பட்ட தீவுகளைப் போன்றவை. ஒரு மலைத்தொடரின் பறவை மற்றொன்றுக்கு எளிதில் செல்வதில்லை.

நீலகிரியில் வாழ்வதற்கு வயிறு செம்பழுப்பு. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையிலும் பழனிமலையிலும் வாழ்வதற்கு வயிறு வெண்மை. ஆயினும் நெடுங்காலம் இரண்டும் ஒரே இனத்தின் துணையினங்களாகவே கருதப்பட்டன. இமயமலைப் பறவைகள் அடங்கிய பேரினத்திலும் அவை சேர்க்கப்பட்டிருந்தன. 2005இல் இரண்டும் தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டன. 2017இல் மரபணு ஆராய்ச்சியின் அடிப்படையில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 'ஷோலிகோலா' என்னும் புதிய பேரினம் நிறுவப்பட்டது. ஈப்பிடிப்பான்களே அவற்றின் நெருங்கிய உறவினர் என்பதும் தெளிவாயிற்று.

இம்மாற்றம் ஏட்டளவில் நிற்பதன்று. இரண்டும் ஒரே இனமென்றால், நீலகிரியில் நேரும் இழப்பை ஆனைமலை ஈடுசெய்யும் என்று கணக்கிட இடமுண்டு. தனித்தனி இனங்களென்றால் ஈடு என்ற பேச்சுக்கே இடமில்லை. நீலகிரிப் பறவை இன்று உலக அளவில் அருகிவரும் இனமாகவும், தெற்கத்தியது அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளன.

இம்மலைகளில் ஆங்கிலேயர் காலத்தில் தேயிலை பரவியது. விடுதலைக்குப் பின் தோல் பதனிடுவதற்கான வாட்டில் மரமும், ரேயான் கூழுக்கான யூகலிப்டசும் பெருமளவில் நடப்பட்டன. அந்நாளில் இவை உற்பத்திப் பெருக்கமாகவே மதிப்பிடப்பட்டன. புல்வெளி 'பயனற்ற நிலம்' என்ற தலைப்பில் எழுதப்பட்டது. அந்தத் தலைப்பு எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை இப்போதுதான் உணர்கிறோம்.

பழனிமலையில் 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்நிய மரங்களை அகற்றுவதும் தமிழக அரசின் கொள்கையாகியுள்ளது. ஆனால் அங்கு முதிர்ந்த வாட்டில் மரங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. புல்வெளியை மீட்பதற்காக எல்லா வாட்டில் மரங்களையும் ஒரேயடியாக வெட்டினால் அக்கன்றுகளும் அழியும். எனவே எவ்விடத்தில் வெட்டுவது, எவ்விடத்தில் விட்டுவைப்பது என்பதைச் சரிவுக்குச் சரிவு வனத்துறையினர் முடிவு செய்ய வேண்டியுள்ளது.