சோளத்துக்கு மருந்து: பூ விடும் நேரத்தைத் தவறவிடாதீர்கள்

தேன் ஒழுகத் தொடங்கிவிட்ட சோளக் கதிரை எந்தப் பூசணக்கொல்லியும் காப்பாற்றாது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மல்லாட்டைக்கும் கரும்புக்கும் நடுவே கொஞ்சம் சோளமும் போடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

தேன் ஒழுகல் நோய் பூ வழியாக நுழைகிறது. கருவுறாத சூலகத்தில் பூசண வித்து விழுந்தால், மணி பிடிக்க வேண்டிய இடத்தில் பூசணம் வளரும். சில நாளில் கதிரிலிருந்து பிசுபிசுப்பான துளிகள் கசியும். ஈயும் எறும்பும் மொய்க்கும். இலையில் சொட்டிய இடம் வெள்ளை பூத்துக் கிடக்கும். கருவுற்றுவிட்ட பூவை இந்நோய் தொடாது. ஆகவே பூக்கும் அந்தச் சில நாட்களுக்குத்தான் காவல் தேவை. கதிர் 5 முதல் 10 சதவீதம் பூத்ததும் ஒரு முறை, பாதி பூத்ததும் மறுமுறை தெளிக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஏக்கருக்குப் புரோப்பிகோனசோல் 200 மி.லி. போதும்.

மழையைக் கணக்கில் வைக்காமல் இது பலிக்காது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. கொட்டியது. அப்படிப் பெய்தால் தெளித்த மருந்து எங்கே நிற்கும்? கதிர் அடைமழையில் பூக்காதபடி விதைப்பு நாளைக் குறிப்பதே மேல். மணி முற்றும்போது மழையில் நனைந்தால் கதிரில் பூசணம் படர்ந்து தானியம் கறுத்துப்போகும் தொல்லையும் அதனால் குறையும்.

அடிச்சாம்பல் நோய்க்கு வைத்தியம் வேறு. அதிகாலையில் இலையைத் திருப்பினால் அடியில் வெண்பொடி தெரியும். பிறகு இலை நார்நாராகக் கிழியும். இதன் வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இதை உண்டாக்குவது பூசணத்தைப் போலிருக்கும் வேறொரு நுண்ணுயிர். அதனால்தான் பலரும் வாங்கும் கார்பென்டசிம் இதற்குக் கேட்பதில்லை. கிலோ விதைக்கு 6 கிராம் மெட்டலாக்சில் கலந்து விதைக்க வேண்டும். விதையோடு வரும் கரிப்பூட்டைக்குக் கிலோவுக்கு 4 கிராம் கந்தகத் தூள்.

மருந்து கலந்த விதை மீந்தால் கோழிக்குக்கூடப் போடாதீர்கள். தெளித்த கொல்லையில் தட்டை அறுத்து மாட்டுக்குப் போடும் முன், மருந்துப் பொட்டலத்தில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழியட்டும். திண்டிவனத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. உரக்கடைக்குப் போகும் முன், நோய்ப்பட்ட இலையையோ கதிரையோ அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.