2 கிட்னியிலும் கட்டி! வெட்டி எறியாமல் குழந்தையைக் காப்பாற்றும் டாக்டர்கள்

குழந்தையைக் குளிப்பாட்டும்போதுதான் தாயின் கையில் தட்டுப்படுகிறது. வயிற்றின் ஒரு பக்கம் கல்லு மாதிரி கெட்டியாக ஏதோ இருக்கிறது. குழந்தைக்கு வலி இல்லை. ஓடி விளையாடுகிறது. "நல்லா சாப்பிடுறான், தொப்பை போட்டிருக்கு" என்று வீட்டில் உள்ளவர்கள் விட்டு விடுகிறார்கள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கிட்னியில் புற்றுநோய்க் கட்டி!

இதற்கு "வில்ம்ஸ் கட்டி" என்று பெயர். இதைப் பற்றி 1899-ம் ஆண்டு விரிவாக எழுதியவர் ஜெர்மன் டாக்டர் மாக்ஸ் வில்ம்ஸ். பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே இது வருகிறது.

ஒரு கிட்னியில் மட்டும் கட்டி என்றால், அந்தக் கிட்னியை முழுசாக எடுத்து விடலாம். மற்றொரு கிட்னி போதும். ஆனால் இந்த நோய் வந்த 100 குழந்தைகளில் 5 முதல் 7 பேருக்கு, 2 கிட்னியிலும் கட்டி இருக்கிறது. அங்கேதான் சிக்கல்.

எடுத்தாலும் ஆபத்து

இரண்டையும் எடுத்தால் குழந்தை டயாலிசிஸ் எந்திரத்தை நம்பித்தான் உயிர் வாழ வேண்டும். மாற்றுக் கிட்னி உடனே வைக்க முடியாது. புற்றுநோய் திரும்பவில்லை என்று தெரிய ஒன்றிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எடுக்காமல் விட்டாலோ உயிருக்கே உலை!

இந்தச் சிக்கலுக்கு வழி காண, குழந்தைகள் புற்றுநோய் சிகிச்சையில் ஈடுபட்டுள்ள அமெரிக்க டாக்டர்கள் குழு ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. 2009 முதல் 2015 வரை, 2 கிட்னியிலும் கட்டி இருந்த 189 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர்.

முதலில் கத்தி இல்லை. 3 மருந்துகளை ஏற்றிக் கட்டியைச் சுருங்க வைத்தார்கள். அதில் ஒன்று வின்கிரிஸ்டின். நம்ம ஊரில் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குகிறோமே, அந்த நித்தியகல்யாணிச் செடியில் இருந்து எடுப்பதுதான் இது!

12 வாரக் கெடு

6 வாரம் கழித்து மீண்டும் ஸ்கேன். சுருங்கி இருந்தால் ஆபரேஷன். இல்லாவிட்டால் மேலும் 6 வாரம் மருந்து. 12 வாரத்துக்குள் ஆபரேஷனை முடித்து விட வேண்டும் என்பது கண்டிப்பான விதி.

ஏன் இந்தக் கெடு? "இன்னும் கொஞ்சம் சுருங்கட்டும்" என்று முன்பு சில குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். சில கட்டிகள் மருந்தில் அடங்கி, தசை போல மாறி விடும். அவை சுருங்காது, ஆனால் அவ்வளவு ஆபத்தும் இல்லை. வேறு சில, மருந்துக்கே அசையாத பொல்லாத ரகம். ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்! வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் உண்மை வெளிவரும். அதுவரை கொடுக்கும் மருந்து வீண்.

ஆபரேஷனும் லேசுப்பட்டது அல்ல. கிட்னிக்குப் போகும் ரத்தக் குழாயைச் சில நிமிடம் கவ்வி நிறுத்துகிறார்கள். சில நேரம் கிட்னியைச் சுற்றிப் பனிக்கட்டித் தூளை வைத்துக் குளிர வைக்கிறார்கள். கட்டியை மட்டும் அறுத்து எடுத்து, மிச்சக் கிட்னியைத் தைக்கிறார்கள். கட்டியின் துணுக்கு ஓரத்தில் தங்கி விடலாம். தைத்த இடத்தில் சிறுநீர் கசியலாம். அனுபவம் உள்ள கைதான் இதைச் செய்ய வேண்டும்.

100-க்கு 95

ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. 4 ஆண்டுகளுக்குப் பிறகு உயிருடன் இருந்தவர்கள் 100-க்கு சுமார் 95 பேர். நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 82 பேர். 12 வாரக் கெடுவுக்குள் ஆபரேஷன் நடந்தது 84 சதவீதம் பேருக்கு.

ஆனால் 2 கிட்னியிலும் கொஞ்சமாவது தப்பியது 39 சதவீதம் பேருக்குத்தான். மற்ற பலருக்கு ஒரு பக்கம் முழுசாகப் போனது. நினைத்தபடி எல்லோருக்கும் நடக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தப்பிய கிட்னித் துண்டு சும்மா இருப்பதில்லை. குழந்தை வளர வளர அதுவும் பருத்து, போன பாகத்தின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது.

ஆபரேஷன் முடிந்ததும் கதை முடியவில்லை. மருந்து தொடரும். சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு. பழைய அமெரிக்கக் கணக்கு ஒன்றின்படி, 2 கிட்னியிலும் கட்டி வந்து பிழைத்தவர்களில், வேறு பிறவிக் கோளாறு இல்லாதவர்களுக்குக்கூட 20 ஆண்டுகளில் 100-க்கு 12 பேருக்குக் கிட்னி செயலிழந்தது. அதனால் பள்ளிக்கூடம் போய், வேலைக்குப் போய், கல்யாணம் ஆன பிறகும் ரத்த அழுத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குழந்தையின் வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால் அக்கம்பக்கத்தார் ஆளாளுக்கு அமுக்கிப் பார்க்கக் கூடாது. கட்டி உடைந்தால் வயிறு முழுக்கப் பரவி விடும். சிறுநீரில் ரத்தம் வந்தாலும் தாமதிக்காமல் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும்.