டாக்டருக்கு எதற்கு டாக்டர் பட்டம்?

"மகள் கால்நடை டாக்டராகிவிட்டாள். அதற்குமேல் முதுநிலைப் பட்டமும் வாங்கிவிட்டாள். தெருவில் எல்லாரும் 'டாக்டரம்மா' என்றே அழைக்கிறார்கள். இப்போது, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போகிறேன் என்கிறாள். டாக்டருக்கு எதற்கு இன்னொரு டாக்டர் பட்டம்?"

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு தந்தை நம்மிடம் இவ்வாறு கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. வயலும் சில ஆடுகளுமே அவருடைய சொத்து. மகளின் வயது ஏறுகிறது. உறவினர் திருமணப் பேச்சை எடுக்கின்றனர். வேலைக்குப் போனால் குடும்பத்துக்கு ஆதரவாகும். அந்தக் கேள்வியை அலட்சியமாக ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. நம் பங்குகளில் இன்னும் பல இல்லங்களில் இதே கேள்வி எழக்கூடும் என்பதால் இங்கே சற்று விரிவாக எண்ணிப் பார்ப்போம்.

இரு வகை டாக்டர்கள்

கால்நடை மருத்துவப் பட்டப் படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். முதுநிலைப் படிப்பு இரண்டு ஆண்டுகள். முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள். பலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளை, ஆய்வேட்டைக் கையில் ஏந்தி வெளியே வரும்போது முப்பதை நெருங்கிவிடுகிறது!

முதல் பட்டம் பெற்றவர் நோயுற்ற மாட்டுக்கு அறிந்த மருந்தைக் கொடுக்கிறார். அந்த மருந்து ஏன் பலிக்கவில்லை, இந்த நோய் எங்கிருந்து வந்தது, அடுத்த ஆண்டு வராமல் தடுப்பது எப்படி என்று தேடுபவரே ஆய்வாளர். முன்னவர் தொழுவத்தில் நிற்கிறார். பின்னவர் தொழுவத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே நடக்கிறார். இருவரும் வேண்டியவர்களே. ஆய்வாளர் கண்டுபிடித்துத் தராவிடில் மருத்துவரின் பையில் தடுப்பூசி ஏது?

வெக்கை நோய் மறைந்த கதை

நம் பாட்டனார் காலத்தில் 'வெக்கை' என்ற சொல்லே உழவரை நடுங்கச் செய்தது. அந்நோய் நுழைந்த ஊரில் தொழுவங்கள் காலியாயின. உழுவதற்கு மாடின்றி வயல்கள் தரிசாயின. அதனை ஆராய்வதற்கென்றே 1889-இல் புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பெற்று, 1893-இல் இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே 1920-களில் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர், நோய்க்கிருமியை ஆடுகளின் உடலில் திரும்பத் திரும்பச் செலுத்தி வீரியம் குறைத்து, மாடுகளுக்கான தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார். பின்னர் பிளவ்ரைட் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களைக் கொண்டு அதனினும் பாதுகாப்பான தடுப்பூசியைக் கண்டார். 1954-இல் நம் நாடு வெக்கை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2006-இல் இந்தியா அந்நோயிலிருந்து விடுதலை பெற்றதாக ஏற்கப்பட்டது. 2011-இல் உலகமே விடுதலை பெற்றது. மனிதன் பூமியிலிருந்து முற்றாக ஒழித்த நோய்கள் இரண்டே. ஒன்று பெரியம்மை, மற்றொன்று மாட்டின் வெக்கை நோய்!

அரசூர் தந்த பெயர்

இன்னொரு நிகழ்ச்சி நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 1987-ஆம் ஆண்டு, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில் செம்மறியாடுகள் காய்ச்சல் கண்டு, வாய் புண்ணாகி, கழிச்சலால் மடிந்தன. பார்ப்பதற்கு வெக்கை போலவே இருந்தது. 'ஆடுகளுக்கும் வெக்கை வந்துவிட்டது' என்று சொல்லி முடித்திருக்கலாம். அப்படி முடிக்காமல், 'இது வெக்கைதானா?' என்று ஆய்வாளர்கள் கேட்டனர். கிருமியைப் பிரித்தெடுத்து ஒப்பிட்டபோது, அது வெக்கையின் உறவுக்காரக் கிருமியே அன்றி வெக்கை அன்று என்பது புலனாயிற்று. அதுவரை இந்தியாவில் அறியப்படாதிருந்த ஆட்டுக்கொல்லி நோய் அது!

அந்த அரசூர்க் கிருமியையே பின்னர் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் வீரியம் குறைத்துத் தடுப்பூசியாக்கினர். 'அரசூர் 87' என்பதே அதன் பெயர். ஏழையின் பட்டியில் மாண்ட ஆடுகளின் ஊர்ப்பெயர், இன்று ஆடுகளைக் காக்கும் மருந்தின் பெயராகிவிட்டது. ஒரு சரியான கேள்வி எவ்வளவு பயன் தருகிறது, பார்த்தீர்களா?

பொருநைக் கரையின் கேள்விகள்

ஆனால் எல்லாக் கேள்விகளும் தீர்ந்துவிடவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நாம் எளிதில் மறப்போமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டதை நாடே பேசிற்று. தொழுவத்தில் கட்டிக்கிடந்த மாடுகளையும் பட்டியில் அடைபட்ட ஆடுகளையும் பற்றிப் பேசியவர் சிலரே.

வெள்ளம் வடிந்த பிறகும் இடர் வடிவதில்லை. வடகாலும் தென்காலும் பாயும் நம் வயல்வெளிகளில் நத்தைகள் பெருகினால், அவற்றின் உடலில் வளரும் தட்டைப்புழுவின் குஞ்சுகள் நீரோரப் புல்லில் ஒட்டிக்கொள்கின்றன. அப்புல்லை மேயும் கால்நடையின் ஈரலில் புழு குடியேறுகிறது. ஆடு வெளிறி மெலிகிறது, தாடை வீங்குகிறது. தேங்கிய நீரில் கலக்கும் எலியின் சிறுநீரும் மாட்டின் சிறுநீரும் எலிக்காய்ச்சலைப் பரப்பக்கூடும். மாட்டுக்குக் கன்று வீசும். அதே நீரில் வெறுங்காலுடன் நடக்கும் மனிதருக்குக் காய்ச்சல் வரும். மாட்டின் நலமும் மனிதரின் நலமும் ஒன்றே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பகுதிக்கே உரிய கன்னி ஆடும் கொடி ஆடும், வேம்பூரின் பொட்டு ஆடும் வறட்சியை எங்ஙனம் தாங்குகின்றன? எந்த நோயை எதிர்த்து நிற்கின்றன? இவற்றைத் தேட நெடுந்தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. 1903-இல் சென்னை வேப்பேரியில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்வி, 1989-இல் தனிப் பல்கலைக்கழகமாக வளர்ந்து, 2012-இல் திருநெல்வேலி இராமையன்பட்டிக்கே கல்லூரியாக வந்துவிட்டது.

பெற்றோர் கவனத்திற்கு

இவ்வழி எளிதன்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலில் பாடங்கள், பின்னர் தகுதித் தேர்வு, அதன்பின் ஆய்வு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு என்று படிகள் பல. விலங்குகளைக் கொண்டு செய்யும் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். மாதக்கணக்கில் செய்த சோதனை ஒரே இரவில் பாழாவதும் உண்டு. போட்டித் தேர்வில் வென்றோர்க்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் உதவித்தொகை கிடைக்கும். எல்லாருக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடலாகாது. பட்டம் பெற்றபின் கல்லூரி ஆசிரியப் பணி, ஆய்வு நிலையங்கள், தடுப்பூசி நிறுவனங்கள் எனக் கதவுகள் உண்டு. ஆயினும் அவை தாமாகத் திறப்பதில்லை.

ஆகவே, பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டுக்கொள்வதற்காக மட்டும் பிள்ளைகள் இதில் இறங்குவது வீண். வேலை கிடைக்கும்வரை பொழுதைக் கழிக்கும் வழியாக இதனைக் கொள்வதும் தவறு. அதே வேளையில், பெண் என்பதற்காகவோ, 'இத்தனை படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது' என்பதற்காகவோ நல்ல ஆய்வாளர் ஒருவரைப் பெற்றோர் வீட்டோடு நிறுத்திவிடுவதும் தவறே.

அந்தத் தந்தையிடம் நாம் ஒன்றே ஒன்று சொன்னோம்: "எவ்வளவு சம்பளம் என்பதைப் பிறகு கேளுங்கள். எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறாய் என்று முதலில் உங்கள் மகளைக் கேளுங்கள். விடை சொல்லத் தயங்கினால் வேலைக்குப் போகட்டும். சொல்லிவிட்டால் தடுக்காதீர்கள்."

சில வாரங்களுக்குப் பிறகு அவரை மீண்டும் சந்தித்தோம். கேட்டாராம். மகள் சற்றும் தயங்காமல் சொன்னாளாம்: "அப்பா, வெள்ளத்தில் நம் ஆடுகள் நான்கு போயின. மிஞ்சியவை அடுத்த ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாக மெலிந்து செத்தனவே, அது ஏன் என்று தெரிய வேண்டும்."

"அதற்கு மேல் நான் என்ன சொல்ல?" என்றார் அவர். விண்ணப்பத்தில் கையொப்பமும் இட்டுவிட்டாராம்.